எழுநூறு நாள் பலகை

கேக்கின் மேல் நீல நிறக் க்ரீமில் 700 என்று எழுதியிருந்தார்கள். விமானக் கொட்டகையின் பெரிய கதவுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, தளத்தின் தலைவர் கர்னல் ஸ்டாட்டன் தன் கையாலேயே கேக்கை வெட்டினார். எழுநூறு நாளாக இந்தத் தளத்தின் எந்தக் குண்டு விமானத்திலும் ஒரு முத்திரைகூட அறுபடவில்லை. வேறு எந்தத் தளமும் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது என்று தலைமையகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்திருந்தது. கர்னல் அதை இரண்டு முறை படித்துக் காட்டினார்.

மாஸ்டர் சார்ஜென்ட் ஓர்வில் ஹாகன் தன் பங்குக் கேக்கைக் காகிதத் தட்டில் வாங்கிக்கொண்டு பின்வரிசையில் நின்றார். விமானத்தில் அணுகுண்டு ஏற்றும், இறக்கும் குழு ஒன்றுக்கு அவர் தலைவர். அவருடைய வலது கால்சட்டைப் பையில் பதினோரு முத்திரைகள் கிடந்தன. புத்தம் புது ஈய முத்திரைகள், கூடவே ஒரு சுருள் செப்புக் கம்பி. பக்கத்தில் நின்ற டேல் குச்சேரா இன்னொரு குழுவின் தலைவன். அவன் பையிலும் அதே சரக்கு இருந்தது. கொட்டகையில் கைதட்டிக்கொண்டிருந்த குழுத் தலைவர்கள் ஆறு பேர் பையையும் அப்போது கவிழ்த்துக் கொட்டியிருந்தால் கேக் யார் தொண்டையிலும் இறங்கியிருக்காது.

விஷயம் இதுதான். விமானத்தின் கீழ்த்தட்டில், குண்டைப் போடுகிற அதிகாரியின் இருக்கைக்கு அருகே ஒரு திருகு இருக்கிறது. அதை ஒரு படி திருகினால் குண்டறையில் தொங்கும் குண்டுகளில் ஒன்றுக்கு மின்சாரம் போய், அதற்குள் இருக்கும் தாழ்ப்பாள்களில் ஒன்று திறக்கும். திருகின் மேல் சிவப்பு மூடி. மூடியைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி. கம்பியின் நுனியில் ஈய முத்திரை. போர் வந்தால் ஒழிய அந்தக் கம்பி அறுபடக் கூடாது. தவறி அறுபட்டால் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் விமானத்தை வரிசையிலிருந்து விலக்கி, மின்சாரம் எங்கேயாவது ஓடியதா என்று எட்டு மணி நேரம் சோதிப்பார்கள். தளத்தின் வாசலில் இருக்கும் பலகையில் முத்திரை அறுபடாத நாட்களைக் காட்டும் எண்ணும் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

கம்பியோ தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் கனம். அதற்கு அரை அடி தள்ளி, காபிக் குடுவையை மாட்ட ஒரு கொக்கி வைத்திருந்தார்கள். இருபத்துநாலு மணி நேரம் குளிரில் பறக்கிறவன் காபிக்குக் கை நீட்டாமல் இருப்பானா? தடித்த கையுறை போட்ட கை பட்டால் கம்பி அறுந்தது. வாரத்துக்கு இரண்டு தடவையாவது அறுந்தது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. குண்டு ஏற்றும் குழுத் தலைவனைக் கூப்பிட்டுக் கண்ணைக் காட்டுவார்கள். அவன் பையிலிருந்து புது முத்திரையை எடுத்து, கம்பியைக் கோத்து, குறடால் நசுக்கிவிட்டு இறங்கிப் போவான். அதற்குப் பட்டன் தைக்கிறது என்று பெயர். எழுநூறு நாளில் ஹாகன் மட்டும் ஐம்பது பட்டனுக்குமேல் தைத்திருப்பார்.

"தின்னுடா. நீயும் நானும் ஒழைச்ச கேக்கு," என்றான் குச்சேரா வாய் நிறைய.

ஹாகன் தின்னவில்லை. 1945இல் படையில் சேர்ந்தவர் அவர். ஐம்பதுகளின் ஆரம்பத்தில் குண்டின் உயிரான அணு உருண்டையைத் தனியாக எடுத்து, ஒரு கூண்டில் வைத்து, விமானிகளின் அறையில் கட்டிவைத்திருப்பார்கள். குண்டறையில் இருப்பது வெறும் கூடு. போர் என்று உறுதியான பிறகு, பறக்கும்போதே ஒருவன் குண்டறைக்குள் தவழ்ந்து போய்க் கையால் அதைச் செருக வேண்டும். விரல் விறைக்கும், மூச்சு வாங்கும். ஆனால் விமானம் விழுந்தால் விழுவது இரும்புதான். பிறகு, செருகிக்கொண்டிருக்க நேரமில்லை என்று எல்லாவற்றையும் உள்ளேயே வைத்து மூடிய குண்டுகள் வந்தன. கூண்டு போனது, தவழ்கிற ஆள் போனான். அத்தனைக்கும் பதிலாக ஒரு திருகும் ஒரு மூடியும் தையல் நூல் கனத்தில் ஒரு கம்பியும் வந்தன. அந்தக் கம்பிக்குத்தான் இன்று கேக்.

நாலு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை மதியம், கேப்டன் மன்குசோ குண்டதிகாரியாக இருக்கும் விமானம் இருபத்துநாலு மணி நேரக் காவல் பறப்பை முடித்துத் தரையிறங்கியது. குண்டுகளை இறக்குவது ஹாகன் குழுவின் வேலை. இறக்குவதற்குமுன் ஒவ்வொரு குண்டின் விலாவிலும் இருக்கும் சோளமணி அளவுக் கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பச்சை தெரிந்தால் தாழ்ப்பாள் மூடியிருக்கிறது. சிவப்பு என்றால் திறந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷத்தில் ஹாகன் பச்சையைத் தவிர வேறொன்றைப் பார்த்ததில்லை.

முதல் குண்டில் பச்சை. இரண்டாவது குண்டில் சிவப்பு.

அவர் டார்ச்சை அணைத்து, கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி அடித்தார். சிவப்புதான். தன் குழுவில் இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவன் பின்வாங்கினான். ஹாகன் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, ஆயுதப் பிரிவுக்குச் சொல்லியனுப்பினார். அவர்கள் வந்து அந்தத் தாழ்ப்பாளைச் சாவி போட்டுத் திருப்பி மூட ஒரு மணி நேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு அவர் மேலே ஏறி, சிவப்பு மூடியைப் பார்த்தார். முத்திரை முழுசாக இருந்தது. அது யார் நசுக்கிய முத்திரை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஈயத்தைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை நசுக்குவது ஹாகனின் பழக்கம். புதன்கிழமை காலை, புறப்படுவதற்கு முன்னால், மன்குசோ கண்ணைக் காட்டியபோது இவரே வந்து தைத்தது. கம்பியை வெட்டி மூடியைத் தூக்கினார். திருகு ஒரு படி திரும்பியிருந்தது. ஒரு படி திரும்பியிருந்தாலும் மூடி ஒழுங்காக மூடிக்கொள்கிறது. இதை வடிவமைத்த புண்ணியவான் தன் வீட்டுக் கொல்லைக் கதவுக்கும் இப்படித்தான் தாழ் போட்டிருப்பாரா என்று தெரியவில்லை.

மன்குசோ ஏணிக்குக் கீழே நின்றிருந்தார். கையில் அதே காபிக் குடுவை.

"கேப்டன், நேத்து நான் தைக்கறதுக்கு முன்னாடி மூடிக்குள்ள பாத்தீங்களா?"

"நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நீங்க பாத்திருப்பீங்கன்னு நான் நெனச்சேன்."

அணுகுண்டுக்குப் பக்கத்தில் ஒருவர் தனியாக நிற்கக் கூடாது, எதையும் இருவர் பார்க்க வேண்டும் என்பது படையின் முதல் விதி. சுவரெல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். இருவர் இருந்தால் இருவரில் ஒருவரும் பார்ப்பதில்லை என்பதை மட்டும் எந்தச் சுவரிலும் எழுதவில்லை. ஹாகனுக்குத் தன் மேலேயே அடங்காத கோபம் வந்தது. ஐம்பது முறை தைத்தாரே, ஒரு முறையாவது மூடியைத் தூக்கிப் பார்த்தாரா?

சனிக்கிழமை நியூ மெக்சிகோவிலிருந்து, குண்டுகளை வடிவமைக்கும் ஆய்வுக்கூடத்தின் ஆள் ஒருவர் வந்தார். ப்ரூயெட் என்று பெயர். கசங்கிய கோட்டும் அலுத்த முகமுமாக அந்தக் குண்டையும் விமானத்தின் வயர்களையும் ஒன்றரை நாள் குடைந்தார். போகும்போது ஹாகனைத் தேடி வந்து வெளியே அழைத்துப் போனார்.

"பாத்தது நீங்க. அதனால ஒங்களுக்குத் தெரியணும். உள்ள நாலு தாழ்ப்பாள் இருக்கு, சார்ஜென்ட். நீங்க பாத்தது ஒண்ணு, அது தெறந்திருந்துச்சு. ரெண்டாவது, வயருக்குள்ள தண்ணி எறங்கி அதுவும் தெறந்து கெடந்துச்சு. எத்தன நாளா கெடந்துச்சோ. மூணாவது, குண்டு கீழ விழுந்தா தானாத் தெறக்கும். அதோட வேலையே அதுதான்."

"நாலாவது?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஒங்க வீட்டுச் சமையல்கட்டுல லைட் போடுறீங்களே, அந்த மாதிரி ஒரு சுவிட்ச். அதைவிடப் பெரிய ஒசத்தின்னு சொல்ல மாட்டேன்." ப்ரூயெட் சிரிக்கவில்லை. "மூடிக்குக் கீழ திருகு நகர்ந்தா விளக்கு எரியணும்னு நாலு வருஷமா எழுதிட்டிருக்கேன். ஒங்க மாதிரி தளத்துலருந்து ஒரு முத்திரைகூட அறுபடலன்னு கணக்கு வருது. பிரச்சினையே இல்லாத எடத்துல விளக்கு எதுக்குன்னு கேக்குறாங்க."

ஹாகனுக்குக் காது சூடாகியது. பையிலிருந்த முத்திரைகள் தொடையில் குத்தின. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்காகத்தான் பின்னால் அதிகமாக வெட்கப்பட்டார்.

திங்கள்கிழமை கர்னல் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொல்லி, ஒரு தாளை நகர்த்தி வைத்தார். கண்ணாடியில் தூசி படிந்திருந்ததாலும், பிற்பகல் வெயில் பட்டதாலும், நிறம் தவறாகத் தெரிந்தது என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. கீழே ஹாகனின் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"குண்டறைக்குள்ள வெயில் எங்கருந்து சார் வரும்?"

"கதவு தெறந்திருந்துச்சு."

"மேகமூட்டம் சார் அன்னிக்கு. ஆயுதப் பிரிவு ஆளுங்க சாவி போட்டுத் திருப்பினாங்க. ப்ரூயெட்டும் வந்து குண்டப் பாத்தார்."

"ப்ரூயெட் எழுதுறத ப்ரூயெட் எழுதட்டும். அது மேல போய் ஒரு அலமாரியில ஒக்காந்துக்கும்." கர்னல் குரலை உயர்த்தவில்லை. "நீங்க நல்ல ஆளு, ஹாகன். இன்னும் பதினெட்டு மாசம். பென்ஷனோட வீட்டுக்குப் போய் மீன் புடிக்கலாம். ஒரு சிவப்புன்னு எழுதினா, முத்திரை எப்படி முழுசா இருந்துச்சுன்னு தலைமையகத்துலருந்து கேப்பான். அதுக்கு என்ன பதில் வச்சிருக்கீங்க?"

கர்னலுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் கேக் வெட்டியிருக்கிறார். ஹாகனுக்கு அந்தக் கணத்தில்தான் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவர் எழுந்து நின்று, பையைத் துழாவி, முத்திரைகளையும் கம்பிச் சுருளையும் அந்தத் தாளின் மேலேயே வைத்தார்.

"இதுதான் சார் பதில். அறுந்தா நாங்க தைக்கிறோம். புதன்கிழமை தைச்சது நான்தான். உள்ள பாக்காம தைச்சேன். எழுநூறு நாளும் இப்படித்தான். இத எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன்."

கர்னல் முத்திரைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாங்கன்னா யாரு?"

"நான்," என்றார் ஹாகன். மற்ற ஐவருக்கும் வீடும் பிள்ளைகளும் இருந்தன.

"அப்ப முத்திரையில கை வச்சது நீ. உன்னைத் தவிர இந்தத் தளத்துல வேற யாரும் இல்ல. எழுதிடலாம்."

'நீங்க' 'நீ'யாக மாறியதிலேயே மிச்சம் எல்லாம் அடங்கியிருந்தது. ஹாகனின் தோளில் ஒரு பதவிப் பட்டை குறைந்தது. குண்டுகளுக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்று உத்தரவு. அனுமதியில்லாமல் முத்திரையில் கை வைத்த ஒரு தனிநபரின் குற்றம் என்று கோப்பை மூடினார்கள். பறப்பு முடியும்வரை முத்திரை முழுசாகவே இருந்தது என்பதால் பலகையில் எண் குறையவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அதில் 709 என்று மாட்டியிருந்தார்கள்.

வீட்டில் ஆர்லீன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை கத்தி நிற்கவில்லை.

"பதினெட்டு மாசம், ஓர்வில். பதினெட்டு வருஷம் வாய மூடிட்டு இருந்தவனுக்குப் பதினெட்டு மாசம் மூடிட்டு இருக்க முடியலையா?"

"வெயில்னு எழுதியிருக்கான் ஆர்லீன். இருட்டுக்குள்ள வெயிலாம்."

"எழுதட்டும். அவன் என்னத்தையோ எழுதுறான். உனக்கென்ன நேர்மைக்கு மெடல் குடுக்கப் போறாங்களா? எனக்கு முழங்கால் ரெண்டும் போச்சு. டாக்டருக்கு யார் குடுப்பா, உன் மனசாட்சியா?" கிழங்கை வாளியில் எறிந்தாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டே, "அந்த விமானம் எந்தப் பக்கம் பறந்துச்சு?" என்று கேட்டாள்.

"மினசோட்டா தாண்டி, கனடா போய், திரும்ப மினசோட்டா."

"டோரிஸ் வீட்டுக்கு மேலயா?"

டோரிஸ் அவள் தங்கை. நாலு பிள்ளைகள், முப்பது கறவை மாடு. ஹாகன் தலையாட்டினார். ஆர்லீன் அதற்குப் பிறகு முழு வாளிக் கிழங்கையும் சீவி முடித்தாள்.

"நாளைக்கு என்ன வேலை குடுத்திருக்கான்?"

"ஓடுபாதையில கல்லுப் பொறுக்கணும்."

அவள் உள்ளே போய், மான் வேட்டைக்குப் போகும்போது அவர் போட்டுக்கொள்கிற சிவப்புக் கம்பளிக் கையுறையை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். "இதப் போட்டுக்க. படையில குடுக்குற கையுறைல குளிர் தாங்காது."

கல் பொறுக்குவது கேலிக்காகக் கொடுத்த வேலையில்லை, உண்மையிலேயே வேண்டிய வேலைதான். சின்னக் கூழாங்கல் எஞ்சினுக்குள் போனாலும் எஞ்சின் சிதறும். தோளில் பட்டை இல்லாத சிப்பாய்கள் செய்கிற வேலை அது. முதல் நாள் பொறுப்பாளன் தரை விதிகளைப் படித்துக் காட்டினான். ஹாகனுக்கு மனப்பாடமான விதிகள்தான். விமானத்துக்குப் பின்னால் நிற்காதே. தொப்பியைக் கழற்றிப் பையில் வை. ஆபத்தைக் கண்டால் இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காக வை. சைகை காட்டுகிறவன் தளபதியானாலும் தரை கூட்டுகிறவனானாலும் விமானி நிறுத்தியே ஆக வேண்டும், காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். மாஸ்டர் சார்ஜென்ட்டாக இருந்தவருக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறதே என்று பொறுப்பாளனுக்கே கூச்சமாக இருந்தது.

இரண்டு வாரம் வாளியும் கையுமாகக் குனிந்தே நடந்தார். அக்டோபர் காற்று சமவெளியிலிருந்து நேராக வந்து முகத்தில் அறைந்தது. பழைய நண்பர்கள் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பலகையில் 723 ஆயிற்று.

அன்று காலை பத்து மணிக்குக் குச்சேரா வண்டியை அவர் பக்கத்தில் நிறுத்தினான். தன் குடுவையிலிருந்து ஒரு மூடி காபி ஊற்றி நீட்டினான்.

"உனக்கென்ன, நிம்மதியா கல்லுப் பொறுக்குற. உன் புண்ணியத்துல நாங்க கெடந்து சாகுறோம். முத்திரை எல்லாத்தையும் ஸ்டோர்ல போட்டுப் பூட்டிட்டாங்க. ஒண்ணு வேணும்னா கர்னல் கையெழுத்து வேணுமாம். எவன் போய்க் கேப்பான்?"

"அறுந்தா எழுதிக் குடுக்குறீங்களா?"

"உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு," என்றான் குச்சேரா. பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் காட்டினான். தூண்டிலில் கட்டுகிற ஈயக் குண்டுகள். கூடவே, பெரிய மீன் கடித்தாலும் அறுபடாத தூண்டில் கம்பி, ஒரு சின்னச் சுருள். "ஏரிக்கரைக் கடையில முப்பது சென்ட்டு. குறடால ஒரு அமுக்கு அமுக்கினா கர்னலோட ஆத்தாளுக்கும் வித்தியாசம் தெரியாது. கம்பி இன்னும் கெட்டி."

ஹாகன் காபியைக் குடிக்கவில்லை. "எப்ப தைச்ச?"

"இப்பத்தான். மன்குசோவோடது. மனுசன் முழங்கைய வச்சே அறுத்துட்டாரு."

"மூடியத் தூக்கிப் பாத்தியா?"

"காபி கொட்டி மூடி ஒட்டிக்கெடக்குதுடா. தூக்க வரல. நேரமில்ல, கெளம்பப் போறான்."

"டேல். எனக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சும் நீ பாக்கல?"

"உனக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சதுனாலதான்டா எழுதிக் குடுக்கல," என்று குச்சேரா கத்தினான். "எனக்கு மூணு புள்ளைங்க."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் ஹாகனுக்குத் தாங்க முடியாமல் போனது. உண்மையைச் சொன்னவனை வாளி தூக்க வைத்தால் மற்றவர்கள் உண்மையைச் சொல்வார்கள் என்றா கர்னல் நினைத்தார்? இல்லை. தூண்டில் கடைக்குப் போவார்கள் என்று தெரிந்தேதான் செய்தார்.

அந்தப் பக்கம் எட்டு எஞ்சின்களும் முழங்கத் தொடங்கின. நாலு குண்டு சுமந்த மன்குசோவின் விமானம் மெதுவாகத் திரும்பி, பக்கப்பாதையில் ஓடுபாதையை நோக்கி உருண்டது. ஹாகன் காபியைக் குச்சேராவின் கையில் திணித்துவிட்டு, வாளியைக் கீழே போட்டார். பொறுக்கிய கல்லெல்லாம் கொட்டிப் போயிற்று.

"எங்கடா போற? ஓர்வில், வேணாம். பதினெட்டு மாசம்டா."

நாற்பத்து மூன்று வயதுக் கால்கள். இருந்தாலும் ஓடினார். பாதையின் நடுக்கோட்டில், விமானத்தின் மூக்குக்கு நேரே நூறு கஜம் தள்ளி நின்று, சிவப்புக் கையுறை போட்ட இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகத் தூக்கினார்.

விமானம் வந்துகொண்டே இருந்தது. மேலே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் விமானியின் முகம் தெரியவில்லை. காற்று அவரைப் பின்னுக்குத் தள்ளியது. கையை இறக்கவில்லை. எத்தனையோ வருஷமாகக் கையை இறக்கியே வைத்திருந்தவர் அவர். ஐம்பது கஜத்தில் மூக்கு தாழ்ந்து, சக்கரங்கள் கிறீச்சிட்டு, அத்தனை கனமும் நின்றது. ஒவ்வொரு எஞ்சினாக அடங்கியது.

கீழ்க்கதவைத் திறந்துகொண்டு மன்குசோ இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது. "என்ன சார்ஜென்ட், என்ன கண்டீங்க? எஞ்சின்ல தீயா?"

"ஒங்க மூடி மேல இருக்குற கம்பி. போய்த் தொட்டுப் பாருங்க, அது எந்தக் கடைக் கம்பின்னு."

மன்குசோ திரும்பி ஏறிப் போனார். அதற்குள் கர்னலின் கார் புல்வெளியைக் குறுக்காக வெட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஆயுதப் பிரிவையும் வரவழைத்துக் குண்டறையைத் திறக்கச் சொன்னார் கர்னல். டார்ச் அடித்துப் பார்த்தவர்கள் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். பச்சை. பச்சை. பச்சை. பச்சை. ஒட்டிப்போன மூடியை நெம்பித் தூக்கியபோது திருகும் அதன் இடத்திலேயே இருந்தது.

கர்னலுக்கு அது போதும். "நாலும் பச்சை. ஒண்ணுமே இல்லாததுக்குப் போர்க் காவல் விமானத்த நிறுத்தியிருக்க. இதுக்குப் பேர் என்ன தெரியுமா?"

"நாலும் பச்சைன்னு இப்பப் பாத்ததுக்கு அப்புறம்தான் சார் தெரியும். பாக்காம அனுப்புனீங்க. அதுக்குப் பேர் என்ன?"

"யாரு சொல்லி நிறுத்தின?"

"தரை விதி சார். யாரு வேணும்னாலும் நிறுத்தலாம். காரணத்த அப்புறம் கேட்டுக்கலாம். கேளுங்க."

கர்னல் கேட்கவில்லை. அவருக்குக் காரணம் தேவைப்பட்டதே இல்லை. காவலர்கள் இருவர் ஹாகனின் கையைப் பிடித்தார்கள்.

அப்போது மன்குசோ இரண்டாம் முறை இறங்கி வந்தார். உள்ளங்கையில் வெட்டிய கம்பியும் நசுங்கிய ஈயமும் இருந்தன. ஈயத்தின் ஒரு பக்கம் நசுங்காமல், தூண்டில் குண்டின் அளவு எண் அப்படியே தெரிந்தது. ரொம்ப நேரம் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிவம் எங்க சார் இருக்கு?" என்றார்.

"எந்தப் படிவம்?"

"முத்திரை அறுந்தா எழுதிக் குடுக்கற படிவம். ரெண்டு வருஷமா நான் அதப் பாத்ததே இல்ல."

"மன்குசோ, யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுட்டேன் சார். போன தடவ செவப்போட இருவத்துநாலு மணி நேரம் ஒக்காந்திருந்தது நான்தான். இன்னிக்கும் தூண்டில் ஈயத்துக்குப் பக்கத்துல ஒக்காரப் போனேன். அறுத்தது என் முழங்கை. என் பேர்லயே எழுதுறேன். ஒரு பிரதி ப்ரூயெட்டுக்கும் அனுப்புறேன்."

அவர் எழுதினார். கர்னலால் அதைக் கிழிக்க முடியவில்லை, எழுதியவர் அதிகாரி. ஒரு சார்ஜென்ட் சொன்னால் குற்றம், கேப்டன் சொன்னால் தகவல். அதே உண்மைதான், தோளில் இருக்கும் உலோகம்தான் வேறு. விமானம் எட்டு மணி நேரம் வரிசையிலிருந்து விலகி நின்றது. அதனால் அமெரிக்கா ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

மறுநாள் பலகையில் 0. அதற்கடுத்த நாள் இன்னொரு விமானத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. அன்றே இன்னும் இரண்டு. நாலாம் நாள் குச்சேரா தூண்டில் ஈயத்தைத் தன் மேலதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு வந்தான் என்று கேள்வி. வாரக்கணக்கில் அந்தப் பலகையில் பூஜ்யத்தை மாற்ற யாருக்கும் வேலை வரவில்லை. தலைமையகத்திலிருந்து இப்போது பாராட்டுக் கடிதத்துக்குப் பதிலாகக் கேள்விகள் வந்தன. கர்னல் ஸ்டாட்டனை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பதவி உயர்வோடுதான்.

ஹாகனை விட்டுவிடவில்லை. காவல் விமானத்தை நிறுத்தியதற்குத் தரை விதி காப்பாற்றியது. ஆனால் புதன்கிழமை தைத்த முத்திரைக்கு அவருடைய சொந்த வாக்குமூலம் கோப்பில் இருந்தது. பதினெட்டரை வருஷச் சேவை, பென்ஷன் இல்லாமல் முடிந்தது.

நவம்பரில் ஒரு காலை, ஆர்லீன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து தளத்தின் வாசலில் நிறுத்தினாள். ஹாகன் தன் பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். காற்றில் பலகை ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அது பொய் சொல்லாமல் தொங்கியது.

"என்ன பாக்குற?" என்றாள் ஆர்லீன்.

"பூஜ்யத்த."

அவளும் எட்டிப் பார்த்தாள். "இதுக்குக் கேக் வெட்டலையா?" என்றாள். ஹாகன் ஏறிக் கதவைச் சாத்தினார். இதற்குக் கேக் வெட்டுகிற ஆள் அந்தத் தளத்தில் இல்லை.